ஒரு ரீலோட்டுக்கு எழும்பியதில் போன 56,500 ரூபாய்

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு ஒழுங்கையில் பதினொரு வருடமாகக் கொமினிக்கேஷன் வைத்திருக்கிறேன். பெயரில்தான் கொமினிக்கேஷன், கோல் எடுக்க இப்போது ஒருவரும் வருவதில்லை. போட்டோக் கொப்பி, லமினேட்டிங், ரீலோட் (கைபேசிக்குக் காசு போட்டுக் கொடுப்பது), ஒன்லைன் விண்ணப்பம், கமக்கார அமைப்புகளுக்குக் கடிதம், கலியாணக் காட், அப்புறம் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு. ஊருக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், இது கல்லில் வெட்டுவதில்லை. ஒருவர் இறந்து 31ஆம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, தேவாரம், சிவபுராணம், கடைசியில் நன்றி நவிலல். என் கடையில் கையில் காசாக நிற்பது இந்தக் கல்வெட்டு வேலைதான். பயமான வேலையும் இதுதான். கலியாணக் காட்டில் பிழை விட்டால் சிரித்துக்கொண்டு திருத்தலாம், இதில் முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை ஒரு பிள்ளை என்னோடு வேலைக்கு நின்றாள். கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போய்விட்டாள். அவளுடைய இடத்துக்கு நான் ஆள் எடுக்கவில்லை. சம்பளக் காசு மிச்சம், நானே சமாளிக்கலாம் என்று நினைத்தேன். சமாளிக்கவும் செய்தேன். ஒரு கையால் கொப்பி மெசினுக்குள் கடதாசியை விட்டுக்கொண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் மிச்சக் காசு எண்ணிக் கொடுப்பேன். "அக்காவுக்குப் பத்துக் கை" என்று பெடியள் சொல்வார்கள். ஏன் பொய் சொல்ல வேண்டும், அதைக் கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முன்னறிவித்தல் வராமல் இல்லை. ஒருநாள் 1,000 ரூபாய் ரீலோட்டை முகம் தெரியாத யாரோ ஒருவரின் நம்பருக்குப் போட்டேன். இன்னொரு நாள் ஒரு மாணவியின் விண்ணப்பத்தில் அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றி அடித்து, பிறகு தருமபுரத்தில் இருந்து அந்தப் பிள்ளையை இரண்டு தடவை பஸ்சில் அலைய விட்டேன். இரண்டுக்கும் என் கைக்காசைப் போட்டுச் சரிசெய்துவிட்டு, "இன்றைக்குத் தலை சரியில்லை" என்று மறந்தேன். தலையில் ஒரு பிழையும் இல்லை, வேலை செய்கிற விதத்தில்தான் பிழை. அது அப்போது விளங்கவில்லை.

போன வருடம் ஆவணியில், அக்கராயன் பக்கத்தில் ஒரு ஐயா காலமாகி, கல்வெட்டு அடிக்க அவருடைய மூன்றாவது மகன் வந்தார். தாய்மாமன் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் முத்து முத்தாக எழுதிக் கொடுத்திருந்தார். 32 பக்கம், 300 புத்தகம், ஒன்று 280 ரூபாய். மொத்தம் 84,000, முற்பணம் 40,000. ஐயாவுக்கு ஒரு நல்ல படம் இல்லை. இருந்ததெல்லாம் 2009 இடம்பெயர்வில் போய்விட்டது. அடையாள அட்டையில் இருந்த படத்தை எடுத்து, கீறல் நீக்கி, வேட்டி சால்வை போட்டு இரண்டு பின்னேரம் இருந்து செய்தேன். அது வடிவாக வந்தது.

மகனோடு தாயும் வந்திருந்தார். வாங்கில் இருந்தபடி பேசாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், எழும்பும்போது மட்டும் ஒன்று சொன்னார்: "பிள்ளை, என்ர ரெண்டாவது மகன்ர பேருக்கு முன்னால ஒண்டும் போட்டிடாதேங்கோ. பேரை மட்டும் போடுங்கோ." ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் கேட்கத் தேவையில்லை. போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்த மகன். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியபோது இந்த அம்மாவும் அங்கே இருந்தவர். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் கோவைகளுக்கு என் கடையில் எத்தனை கொப்பி எடுத்திருப்போம் என்று எனக்கே கணக்கில்லை. சீ.ஆர். கொப்பியின் மேல் மூலையில் சிவப்புப் பேனையால் குறித்தும் வைத்தேன். கவனமில்லாமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கல்வெட்டில் சிக்கலான பக்கம் உறவுமுறைப் பக்கம். "காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும், காலஞ்சென்றவர்களான இன்னாரின் அன்புச் சகோதரரும்" என்று ஒரே மூச்சில் இருபது முப்பது பெயர் ஓடும். காற்புள்ளி ஒன்று இடம் மாறினால் மருமகன் மகனாகிவிடுவார். நான் இன்னும் பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறேன். அந்தப் பக்கத்தை அடித்து முடித்த பிறகு தாய்மாமன் போன் எடுத்து, மைத்துனர் ஒருவரின் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போட மறந்துவிட்டேன், சேர்த்துவிடுங்கோ என்றார். சின்ன வேலை. மேல் வரியில் இருந்த "காலஞ்சென்ற" என்ற சொல்லைக் கொப்பி பண்ணினேன். ஒட்ட வேண்டியது நாலு வரி தள்ளி. அதற்கிடையில் பிள்ளைகளின் பெயர் வரியில் ஒரு எழுத்து சரியா என்று பார்க்க அங்கே ஒரு கிளிக். அந்த நேரம் பார்த்து கவுண்டரில், "அக்கா, நூறு ரூபாய் ரீலோட்."

எழும்பிப் போனேன். நூறு ரூபாய் போட்டேன். திரும்பும்போது வைபரில் கனடாவில் இருந்து கோல், கலியாணக் காட்டுக்கு என்ன நிறம் என்று. கதைத்துக்கொண்டே கதிரையில் இருந்து, ஒட்ட வேண்டியதை ஒட்டினேன். திரையில் "காலஞ்சென்ற" என்ற சொல் புதிதாக வந்து நின்றதைக் கண்ணால் கண்டேன். வேலை முடிந்தது என்று மனம் கணக்கு எழுதிவிட்டது. எந்த வரியில் வந்து நின்றது என்று பார்க்கவில்லை. கேர்சர் நான் கடைசியாகக் கிளிக் பண்ணின இடத்திலேயே நின்றிருக்கிறது. இரண்டாவது மகனின் பெயருக்கு முன்னால்.

பிழை திருத்தம் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். மூன்று தரம் பார்த்தேன். மூன்று தரமும் முதல் பக்கத்தில் தொடங்கி, நடுவில் யாரோ கூப்பிட எழும்பி, திரும்பி வந்து "எங்கே விட்டேன்" என்று தெரியாமல், பழக்கப்பட்ட தேவாரப் பக்கங்களில் கண் போய் நிற்க, அங்கிருந்து தொடர்ந்திருக்கிறேன். ஐந்தாம் பக்கத்தை ஒரு தரமும் முழுதாக வாசிக்கவில்லை என்பது பிறகு யோசித்தபோதுதான் தெரிந்தது. மகனுக்கும் வட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினேன். அவர் சிறுபோக வெட்டில் வயலில் நின்றார். ஐந்து நிமிடத்தில் பெருவிரல் படம் ஒன்று வந்தது. சரி என்று பிரிண்டுக்குக் கொடுத்தேன்.

அந்தியேட்டிக்கு முதல்நாள் பின்னேரம் புத்தகம் போனது. இரவு ஒன்பது மணிக்குக் கோல். மகன் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "அக்கா, அம்மா அழுறா. நீங்கள் ஒருக்கா வாங்கோ" என்றார். ஓட்டோ பிடித்துப் போனேன். முற்றத்தில் பந்தல் போட்டு, கதிரை அடுக்கியிருந்தது. அம்மா திண்ணையில் இருந்தார், மடியில் புத்தகம் ஐந்தாம் பக்கத்தில் விரித்தபடி. மற்றவர்கள் ஐயாவின் படத்தைப் பார்த்து வடிவு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் நேராக அந்தப் பெயரைத் தேடியிருக்கிறார். நான் என்னவோ சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "பிள்ளை, உங்களுக்கு ஆரும் அப்பிடிச் சொன்னவையோ?" எனக்கு ஏதோ தெரிந்துதான் அப்படிப் போட்டேனோ என்று நினைத்திருக்கிறார். நான் அந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டிருந்தபோது கனடாக்காரரோடு கலியாணக் காட்டின் நிறம் கதைத்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? "இல்லையம்மா, என்ர பிழை, கை மாறிப் போச்சு" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளைக் கடதாசி ஸ்டிக்கர் வெட்டி மேலே ஒட்டலாம் என்றேன். அம்மா தலையாட்டவில்லை. "ஒட்டினா, கீழ என்ன கிடக்கெண்டு உரிச்சுப் பார்ப்பினம்" என்றார். அது உண்மை. முந்நூறு புத்தகத்தையும் திரும்ப ஓட்டோவில் ஏற்றினேன்.

இந்த இடத்தில் வேலை தெரிந்தவர்களுக்கு விளங்கும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நடுவில் பின் அடித்த புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்ற முடியாது. ஒரு ஏ4 தாளில் நாலு பக்கம் இருக்கும். 32 பக்கப் புத்தகத்தில் ஐந்தாம் பக்கம் இருக்கிற தாளிலேயே 6, 27, 28 உம் இருக்கும். அந்தத் தாளை முந்நூறு தரம் அடிக்க வேண்டும். ஒவ்வொரு புத்தகத்திலும் இரண்டு பின்னைக் கழற்ற வேண்டும், தாளை மாற்ற வேண்டும், பழைய ஓட்டையிலேயே திரும்பப் பின் விழ வேண்டும், இல்லாவிட்டால் அட்டையில் நாலு ஓட்டை தெரியும். புத்தகம் ஓரம் வெட்டி முடிந்தது என்பதால் புதுத் தாள் கொஞ்சம் வெளியே நீட்டும். இரும்பு அடிமட்டம் வைத்து பிளேட்டால் ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். ஷட்டரை இறக்கிவிட்டு நான், என் தம்பி, வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு விடுமுறைக்கு வந்திருந்த என் பெறாமகள், மூன்று பேரும் தரையில் பாய் விரித்து இருந்தோம். அறுநூறு பின். முதல் ஐம்பது புத்தகத்திலேயே என் நகம் கிழிந்துவிட்டது, பிறகு வெட்டுக்கத்தி முனையால் நெம்பினேன். விடிய நாலே முக்காலுக்கு முடிந்தது. அந்த ஆறேழு மணித்தியாலத்தில் ஒரு ரீலோட் இல்லை, ஒரு கோல் இல்லை. ஒரு புத்தகத்திலும் பிழை வரவில்லை.

காசுக் கணக்கு இது. மிச்சம் 44,000 ரூபாயை மகன் கொண்டுவந்தார், வாங்க எனக்கு மனம் வரவில்லை. கடதாசி, டோனர் 3,000. ஓட்டோ 1,500. அடுத்த நாள் கடை திறக்க முடியவில்லை, அது ஒரு 8,000. மொத்தம் 56,500. அந்த ரீலோட்டில் எனக்குக் கிடைத்தது சில ரூபாய்.

பெறாமகள்தான் பிறகு எனக்கு இதைப் பற்றி வாசித்துச் சொன்னாள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்ட்மன் என்பவரும் கூட வேலை செய்தவர்களும் 2014 இல் ஒரு ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். 300 பேரைக் கொம்பியூட்டரில் படிப்படியாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்றில் இருத்தி, நடுவில் சராசரி 2.8 செக்கன் மட்டும் குறுக்கிட்டிருக்கிறார்கள். மூன்று செக்கன்கூட இல்லை. அடுத்த படியைத் தவறவிடுவது இரண்டு மடங்காகியிருக்கிறது. 4.4 செக்கனுக்கு மூன்று மடங்கு. எனக்கு இதைக் கேட்டதும் வந்தது ஆறுதல் இல்லை, கோபம். நான் எழும்பி நடந்து, போட்டு, காசு வாங்கி, கதைத்து வந்திருக்கிறேன். என்னுடையது எத்தனை மடங்கு?

இன்னொன்றும் சொன்னாள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் என்பவரும் கூட வேலை செய்தவர்களும் 2008 இல் வெளியிட்ட ஆய்வு. குறுக்கிட்டுக் குறுக்கிட்டு வேலை செய்ய விட்டவர்கள் வேலையை மெதுவாக அல்ல, வேகமாக முடித்தார்களாம். ஆனால் அவர்களுக்கு மன அழுத்தமும் எரிச்சலும் கூட. அந்த ஆய்வில் வேலையின் தரம் குறையவில்லை என்றும் சொன்னாள், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எனக்குப் பிடிபட்டது அந்த "வேகமாக" என்ற இடம்தான். நானும் வேகமாகத்தான் இருந்தேன். விட்ட நேரத்தைப் பிடிக்க ஓடுகிற ஓட்டத்தைக் கெட்டித்தனம் என்று நினைத்திருக்கிறேன். இரவில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதையும் களைப்பு என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் கொப்பி ஒன்றை வைத்து, கொம்பியூட்டர் வேலையில் இருந்து எத்தனை தரம் எழும்புகிறேன் என்று கோடு போட்டேன். காலை எட்டரையில் இருந்து பின்னேரம் ஆறு வரை 61. இதை நீங்களும் ஒருநாள் செய்து பாருங்கள், வேறு எதையும் மாற்ற முதல். எனக்கு 61 இல் 23 ரீலோட், 14 போன். ஆட்கள் கொப்பி எடுக்க வந்து எழும்பியது நான் நினைத்ததைவிடக் குறைவு. தொல்லை என்று நான் திட்டிக்கொண்டிருந்தது கொப்பி எடுக்க வருகிற சனத்தை!

முதலில் ஒரு பிழையான தீர்வு எடுத்தேன். "காலை 8 முதல் 10 வரை தட்டச்சு வேலை மட்டும்" என்று போர்டு போட்டேன். ஒரு கிழமை தாக்குப்பிடிக்கவில்லை. முழங்காவிலில் இருந்தும் விசுவமடுவில் இருந்தும் காலை பஸ்சில் வருகிற சனம், கச்சேரிக்கோ பிரதேச செயலகத்துக்கோ கடதாசி கொடுத்துவிட்டு மத்தியானப் பஸ்சைப் பிடிக்க வேண்டியவர்கள். ஒரு வயதுபோன ஐயா போர்டை வாசித்துவிட்டு வெயிலில் பத்து மணிவரை நின்றதைக் கண்டதும் கழற்றி எறிந்தேன். எங்கள் ஊரின் நேரம் அலுவலகப் புத்தகத்தில் எழுதிய நேரம் இல்லை, பஸ்சின் நேரம். அதனால் தலைகீழாக மாற்றினேன். காலையில் கவுண்டர் மட்டும், கொம்பியூட்டரில் பெயர் உள்ள எந்த வேலையும் தொடுவதில்லை. பிற்பகல் இரண்டில் இருந்து நாலு வரை, தார் உருகுகிற வெயிலில் டவுன் செத்துக் கிடக்கும் நேரம், உறவுமுறைப் பக்கம், திதி வெண்பா, விண்ணப்ப எண்கள். போன் சத்தம் இல்லாமல் லாச்சிக்குள். ரீலோட்டைப் பக்கத்துப் பலசரக்குக் கடைக்கே விட்டுக்கொடுத்தேன். மாதம் ஒரு 6,000 போகிறது, வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் 23 கோடு ஒரே நாளில் அழிந்தது.

இரண்டு வேலையை ஒன்றாகச் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. லமினேட்டிங் மெசின் சூடாகும்வரை கொப்பி எடுக்கலாம், மெசின் தன் பாட்டில் செய்யும். மனம் இடத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய வேலைதான் ஆபத்து: பெயர், எண், காசு. அப்படி ஒன்று நடக்கும்போது கூப்பிட்டால், கையில் எடுத்ததை வைத்துவிட்டுத்தான் எழும்புவேன். கொப்பி பண்ணினதை ஒட்டி, வரியை ஒருமுறை வாசித்து, "வாறன், கொஞ்சம் பொறுங்கோ" என்று முகம் நிமிராமல் சொல்வேன். பத்து செக்கன் பொறுக்க மாட்டேன் என்று இதுவரை ஒருவரும் கோபித்துப் போகவில்லை. எழும்ப முதல், விட்ட இடத்தில் "யயயய" என்று நாலு ய அடிப்பேன். பாமினியில் இடது சின்னவிரலுக்குக் கீழேயே ய இருக்கிறது, எந்தத் தமிழ்ச் சொல்லிலும் நாலு ய வராது. பிரிண்டுக்குக் கொடுக்க முதல் "யயயய" தேடிப் பார்ப்பேன். ஒன்றாவது அகப்பட்டால் அந்தப் பக்கம் முழுதையும் திரும்ப வாசிப்பேன். பிழை திருத்தும் தாளில் வாசித்த பக்கத்துக்கு மூலையில் ஒரு சரி, பாதியில் எழும்பினால் அந்தப் பக்கத்துக்குச் சரி கிடையாது.

பெருவிரல் படத்தை இப்போது ஏற்பதில்லை. கடதாசியில் அடித்துக் கொடுத்து, வீட்டில் இருவர் சேர்ந்து, ஒருவர் கையெழுத்துப் பிரதியையும் மற்றவர் அடித்ததையும் சத்தமாக வாசித்து, கையெழுத்து வைத்துத் தரச் சொல்கிறேன். "காலஞ்சென்ற" வருகிற இடங்களைத் தனியாக ஒரு தாளில் எழுதி, இவர்கள்தானே என்று கேட்டுக் கோடு போடுகிறேன். செத்த வீட்டுக்காரரிடம் இதைக் கேட்பது கஷ்டம். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

போன மாசியில் அந்த அம்மா கடைக்கு வந்தார். பிற்பகல் மூன்று மணி இருக்கும், நான் வேறொரு வீட்டின் உறவுமுறைப் பக்கத்தில் நின்றேன். கையில் அதே பொலித்தீன் பையில் போட்ட கோவை. நான் நிமிர்ந்ததைக் கண்டு, "முடிச்சிட்டு வாங்கோ பிள்ளை, எனக்கு அவசரமில்லை" என்று வாங்கில் இருந்தார். நாலு ய அடித்துவிட்டு எழும்பினேன். மகனின் அடையாள அட்டைக் கொப்பி, முன் பின், மூன்று மூன்று. காசு வேண்டாம் என்றேன். "கடை நடத்துறேல்லையோ?" என்று கேட்டு, அறுபது ரூபாயை எண்ணிக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார்.